வரலாறு மீட்ட மூவர்

ஒரு நாட்டின் வரலாறு அந்நாட்டின் தலைநகரில் மட்டும் எழுதப்படுவதன்று. அரண்மனைகளும் அரசாங்க ஏட்டுக்கூடங்களும் காத்து வைத்திருப்பது அவ்வரலாற்றின் ஒரு பகுதியே. மற்றொரு பகுதி குளக்கரையிலும், வயல் வரப்பிலும், இடிந்த கோயிலின் மதிற்புறத்திலும், ஊர் முதியோரின் வாய்ச்சொல்லிலும் மறைந்து கிடக்கின்றது. அதனைத் தேடி எடுப்பதற்கு, அவ்வூர்களின் வழியறிந்தவரும் அம்மண்ணின்பாற் பற்றுடையவருமாகிய மக்கள் வேண்டும். அத்தகையோர் சிலர் ஒரு சிறு நகரில் ஒன்றுகூடி நிறுவிய கழகம் ஒன்று, வங்க நாட்டு வரலாற்றில் பல நூற்றாண்டுகளின்மேற் படிந்திருந்த இருளை அகற்றத் துணை செய்தது. அதுவே வரேந்திர ஆராய்ச்சிக் கழகம்.

கங்கையாறு வங்கநாட்டிற் புகுந்து பத்மா என்னும் பெயர் கொண்டு ஓடுகின்றது. அதற்கு வடக்கே, மகாநந்தா, கரதோயா என்னும் இரண்டு ஆறுகளுக்கு இடையே பரந்து கிடக்கும் நிலப்பகுதியைப் பண்டையோர் வரேந்திரம் என வழங்கினர். அந்நிலத்தின் பெரும்பகுதி இன்று வங்காள தேசத்திலும், எஞ்சிய பகுதி இந்தியாவின் மேற்கு வங்க மாநிலத்திலும் அடங்கியுள்ளது. பத்மாவின் வடகரையில் அமைந்த இராசசாகி என்பது இப்பகுதியின் தலைமை நகரங்களுள் ஒன்று. பட்டு நெசவிற்குப் பெயர்பெற்றது அந்நகரம்.

வரேந்திரம் ஒரு காலத்தில் பேரரசர்களின் தாயகமாக விளங்கிற்று. கி.பி. 8ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி முதல் ஏறத்தாழ 400 ஆண்டுகள் வங்கத்தையும் மகதத்தையும் ஆண்ட பால மரபினர் இந்நிலத்தைத் தம் தந்தையர் நாடாகப் போற்றினர். அவர்கள் பௌத்த சமயத்தைப் புரந்தவர்கள். அவர்களுக்குப் பின்னர்க் கருநாடகப் பகுதியினின்று வந்து குடியேறிய மரபினரான சேனர் ஆண்டனர். கோயில்களும் விகாரங்களும் ஏரிபோன்ற பெருங்குளங்களும் இந்நாடெங்கும் நிறைந்திருந்தன. தருமபாலன், தேவபாலன் என்னும் மன்னர் காலத்தில் தீமான் என்பானும் அவன் மகன் பிட்பாலன் என்பானும் வரேந்திரத்திற் புகழ்பெற்ற சிற்பிகளாய் வாழ்ந்தனர் என்று, 17ஆம் நூற்றாண்டில் வரலாறு எழுதிய தாரநாதர் என்னும் திபெத்தியத் துறவி குறித்துள்ளார்.

காலம் மாறிற்று. அரசுகள் வீழ்ந்தன. கோயில்கள் இடிந்து மேடாயின. கருங்கல்லிற் செய்த எழில்மிகு சிலைகள் மண்ணிற் புதைந்தன. குளங்களின் அடியில் ஆழ்ந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், தாம் உழும் நிலத்தின் கீழே ஒரு பேரரசின் சுவடுகள் கிடக்கின்றன என்பதை அந்நாட்டு மக்களிற் பலர் அறிந்தாரல்லர். ஒரு சில கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் அறிஞர்கள் கண்டெடுத்துப் படித்திருந்தனர் என்பது உண்மையே. ஆயினும் அவர்தம் கட்டுரைகள் ஆங்கில இதழ்களில் வெளிவந்தன. அவை கற்றார் சிலர் கைக்கு எட்டினவேயன்றிப் பொதுமக்கள் செவிக்கு எட்டவில்லை.

இந்நிலையில் மூவர் தோன்றினர். ஒருவர் செல்வர், ஒருவர் வழக்கறிஞர், மற்றொருவர் பள்ளி ஆசிரியர்.

செல்வர், திகாபாட்டியா சமீன்தார் குடும்பத்திற் பிறந்த சரத் குமார் இராய் என்பவர். தம் செல்வத்தைக் கேளிக்கையிற் செலவிடாமல், நாட்டின் பழம்பொருள்களைக் காப்பதிற் செலவிட்டவர் இவர். வழக்கறிஞர், இராசசாகி நகரில் தொழில் நடத்திய அட்சய குமார் மைத்திரேயர். இவர் 1861ஆம் ஆண்டிற் பிறந்தவர். வழக்குமன்றத்தில் சாட்சியை ஆராய்வது போலவே வரலாற்றிலும் சான்றுகளை ஆராய்தல் வேண்டும் என்பது இவர் எழுதிய நூல்களிற் காணப்படும் நெறி. 1898ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சிராசுத்தௌலா’ என்னும் வங்காள மொழி நூலில், அந்நவாபைப் பற்றி ஆங்கிலேயர் எழுதி வைத்த செய்திகளை இவர் ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார். அடுத்த ஆண்டில், ‘ஐதிகாசிக் சித்திரம்’ என்னும் வரலாற்றுக் காலாண்டிதழைத் தொடங்கினார். கவியரசர் இரவீந்திரநாத் தாகூர் அம்முயற்சிக்கு ஊக்கமளித்தார். மூன்றாமவராகிய இராமப்பிரசாத் சந்தா, இராசசாகிக் கல்லூரிப் பள்ளியில் ஆசிரியராய்ப் பணியாற்றியவர். பின்னாளில் இவர் இந்தியத் தொல்பொருள் துறையிற் சேர்ந்து, கல்கத்தா அருங்காட்சியகத்தின் தொல்பொருட் பிரிவிற்குத் தலைமை தாங்கும் நிலையை அடைந்தார்.

செல்வமும் ஆராய்ச்சித் திறனும் கல்வியும் இங்ஙனம் ஒருங்கே கூடின. 1910ஆம் ஆண்டு வரேந்திர ஆராய்ச்சிக் கழகம் பிறந்தது.

கழகத்தார் வீட்டில் அமர்ந்து நூல்களைப் புரட்டுவதோடு அமையவில்லை. அவ்வாண்டு ஏப்பிரல் திங்களிலேயே, கொளுத்தும் கோடையையும் பொருட்படுத்தாது, இராசசாகி மாவட்டத்து ஊர்களை நோக்கிப் புறப்பட்டனர். தேவபாடா, மாந்தைல் முதலிய ஊர்களைச் சுற்றிப் பார்த்தனர். அம்முதற் பயணத்தில் 32 சிலைகள் அவர்களுக்குக் கிடைத்தன. அவற்றுள் ஆள் உயரம் உள்ள சண்டி தேவியின் திருவுருவம் ஒன்று குறிப்பிடத்தக்கது. அவர்கள் நகருக்குத் திரும்பியபோது நகரமக்கள் அவர்களை வரவேற்றுச் சிறப்புச் செய்தனர். தம் ஊர்ப்புறத்திலேயே இத்துணைச் செல்வம் புதைந்து கிடந்தது என்பதை மக்கள் அன்றுதான் கண்ணாரக் கண்டனர்.

பழம்பொருளைத் தேடுதல் வேறு. புதையலைத் தேடுதல் வேறு. புதையல் தேடுவோன் பொருளின் விலையை நோக்குவான். வரலாறு தேடுவோன் பொருள் கிடந்த இடத்தை நோக்குவான். ஒரு சிலை எந்த ஊரில், எந்தக் குளத்தில், எவ்வெப்பொருள்களோடு கிடைத்தது என்பது எழுதி வைக்கப்படாவிடின், அச்சிலை பாதி ஊமையாகிவிடும். கல்வெட்டைப் படிப்பதற்கும் பொறுமை வேண்டும். முதலில் கல்லின் முகத்தை நீரும் தூரிகையும் கொண்டு தூய்மை செய்வர். பின்னர் நனைத்த தாளை அதன்மேற் படியவைத்து, எழுத்துக் குழிகளினுள்ளே தாள் பதியுமாறு தூரிகையால் மெல்லத் தட்டுவர். அதன்மேல் மையை ஒற்றினால், மேடான பகுதி கறுப்பாகவும் எழுத்துகள் வெண்மையாகவும் தோன்றும். இதனை மைப்படி எடுத்தல் என்பர். கல்லைப் பெயர்க்காமலே அதன் சொல்லை எடுத்துவரும் வழி இதுவாகும்.

இத்தகைய சான்றுகள் என்ன கூறின? ஒரு செப்பேட்டின் கதையே போதிய விடையாகும். மால்டா மாவட்டத்தில் காலிம்பூர் என்னும் ஊரில் உழவர் ஒருவர் தம் நிலத்தில் எழுத்துப் பொறித்த செப்பேடு ஒன்றைக் கண்டெடுத்தார். அதிலிருந்த எழுத்தை அவர் படிக்க அறியார். எனினும் அது தெய்வத்தன்மை உடையது எனக் கருதி, குங்குமம் இட்டு வழிபட்டு வந்தார். எவர் கேட்டும் கொடுக்க இசைந்தாரல்லர். அவர் காலஞ்சென்ற பின்னர், 1893ஆம் ஆண்டில், உமேசு சந்திர படவியாலர் என்னும் அரசு அலுவலர் அதனை அவருடைய மனைவியாரிடமிருந்து பெற்றார்.

அச்செப்பேடு தருமபால மன்னன் தன் 32ஆம் ஆட்சியாண்டில் வழங்கியது. அதில் ஓர் அரிய செய்தி இருந்தது. தருமபாலனின் தந்தையாகிய கோபாலன் அரசெய்துவதற்கு முன்னர் நாட்டில் மச்ச நியாயம் நிலவிற்றாம். மச்ச நியாயமாவது, பெரிய மீன் சிறிய மீனை விழுங்கும் முறை. காவலன் இன்மையால் வலியார் மெலியாரை வருத்திய அக்கொடுமையை ஒழிக்கும்பொருட்டு, நாட்டினர் கோபாலனைத் தெரிந்தெடுத்து அரசனாக்கினர். வாளால் வென்று நாட்டைக் கைப்பற்றியவனாக அன்றி, பிறரால் தெரிந்தெடுக்கப்பட்டவனாகத் தன் தந்தையை ஒரு மன்னனே குறித்திருப்பது எண்ணத்தக்கது. ஓர் உழவரின் வீட்டிற் பூசைப் பொருளாக இருந்த செப்பேட்டில், ஒரு பேரரசின் பிறப்பு எழுதப்பட்டிருந்தது.

இவ்வாறு சிதறிக் கிடந்த செப்பேடுகளையும் கல்வெட்டுகளையும் ஒருங்கு திரட்டி, வங்காள மொழியில் விளக்கத்தோடு வெளியிட்டார் மைத்திரேயர். ‘கௌட லேகமாலா’ என்னும் அந்நூல் 1912ஆம் ஆண்டில் கழகத்தின் வெளியீடாக வந்தது. அவ்வாண்டிலேயே சந்தா எழுதிய ‘கௌட இராசமாலா’ என்னும் அரசர் வரலாறும் வெளிவந்தது. ஆங்கிலம் அறியாத ஆசிரியரும் மாணவரும் வணிகரும் தம் நாட்டு வரலாற்றைத் தம் மொழியிலேயே படிக்கும் பேறு பெற்றனர்.

சந்தியாகரநந்தி என்னும் வரேந்திரப் புலவர் இயற்றிய ‘இராமசரிதம்’ என்னும் வடமொழிக் காவியமும் கழகத்தாரின் கருத்தைக் கவர்ந்தது. அரப்பிரசாத சாத்திரியார் 1897ஆம் ஆண்டில் நேபாளத்தில் கண்டெடுத்த சுவடி அது. அக்காவியம் முழுவதும் இரட்டுற மொழிதலால் அமைந்தது. ஒருபுறம் நோக்கின் அயோத்தி இராமன் சீதையை மீட்ட கதையாகும். மறுபுறம் நோக்கின் இராமபால மன்னன் வரேந்திர நாட்டை மீட்ட கதையாகும். கைவர்த்தர் தலைவனாகிய திவ்வியன் என்பான் இரண்டாம் மகிபாலனை எதிர்த்து எழுந்து வரேந்திரத்தைக் கைப்பற்றியதும், திவ்வியன் வழிவந்த வீமனிடமிருந்து இராமபாலன் அதனைத் திரும்பப் பெற்றதும் அந்நூலால் அறியப்படுகின்றன. பழைய உரை நூலின் ஒரு பகுதிக்கே கிடைத்தமையின், ஏனைய பகுதி பொருள் காண்டற்கு அரிதாயிற்று. 1939ஆம் ஆண்டில் கழகம் இந்நூலை அறிஞர் மூவரைக்கொண்டு மீண்டும் ஆராய்ந்து பதிப்பித்தது.

கழகம் தோன்றிய மறு ஆண்டிலேயே ஒரு சோதனை வந்துற்றது. 1911ஆம் ஆண்டில், கல்கத்தாவிலிருந்த இந்திய அருங்காட்சியகம், கழகத்தார் சேர்த்த அரும்பொருள்கள் தன்னிடம் ஒப்படைக்கப்படுதல் வேண்டும் எனக் கோரிற்று. அக்கோரிக்கைக்கும் காரணம் இல்லாமலில்லை. பெருநகரில் பெருங்கட்டடம் உண்டு. பயிற்சி பெற்ற அலுவலர் உண்டு. நாற்றிசை அறிஞரும் வந்து காண்பர். சிறு நகரில் ஒரு சிலர் கூடி நடத்தும் கழகம் எத்துணைக் காலம் நிலைபெறும் என்று எவரே உறுதி கூறவல்லார்?

ஆயினும் கழகத்தார் பக்கத்திலும் நியாயம் இருந்தது. தேவபாடா என்னும் ஊரில் 1865ஆம் ஆண்டில் விசயசேனன் என்னும் சேன மன்னனின் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அதனைப் பொறித்தவன் சூலபாணி என்பான். வரேந்திரச் சிற்பியர் குழுவின் தலைவன் எனத் தன்னைக் குறித்துக்கொண்டவன். அத்தகைய கல் கல்கத்தாவிற்குச் சென்றுவிட்டது. வரேந்திரச் சிற்பியின் கைத்திறனைக் காண விரும்பும் வரேந்திரச் சிறுவன் கல்கத்தா செல்லவேண்டியவன் ஆனான். எல்லாப் பொருளும் இங்ஙனம் சென்றுவிடின், ஊர்ப்புறத்தார் தம் முன்னோரை எங்ஙனம் அறிவர்? தமக்குப் பயன்படாத பொருளை எடுத்துக் கொடுக்க எவர்தாம் முன்வருவர்?

இவ்வழக்கில் நல்லதொரு தீர்ப்புக் கிடைத்தது. அப்பகுதியின் ஆணையராக இருந்த மொனகன் என்பவர் கழகத்தின்பால் பரிவுடையவர். அவர் முயற்சியால், வங்க ஆளுநராகிய கார்மைக்கேல் பெருமகனார் 1912ஆம் ஆண்டில் இராசசாகிக்கு வந்து அப்பொருள்களை நேரிற் பார்வையிட்டார். அவை வகுத்து வைக்கப்பட்டிருந்த முறையைக் கண்டு மகிழ்ந்தார். 1913ஆம் ஆண்டு பிப்பிரவரி 14ஆம் நாள், உள்ளூர் அருங்காட்சியகங்கள் தொல்பொருள்களைச் சேர்த்துக் காத்துக்கொள்ளலாம் என்னும் அரசாணை பிறந்தது. சினத்தாலும் கூக்குரலாலும் அன்றி, தம் செயலின் செம்மையாலேயே கழகத்தார் வெற்றி பெற்றனர். காக்கும் தகுதி உடையவர்க்கே வைத்துக்கொள்ளும் உரிமை நிலைக்கும் என்பதை இந்நிகழ்ச்சி தெளிவாக்குகின்றது.

1914ஆம் ஆண்டில் கழகம் சட்டப்படி பதிவு செய்யப்பட்டது. 1916ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள், கார்மைக்கேல் பெருமகனாரே அருங்காட்சியகக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டினார். சரத் குமார் இராயின் பொருளுதவியால் அது நிறைவுற்றது. 1919ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள், ஆளுநர் ரொனால்ட்சே பெருமகனார் அதனைத் திறந்து வைத்தார்.

கழகத்தின் பணிகளுட் பெரிதும் போற்றத்தக்கது பகார்பூர் அகழாய்வில் அது கொண்ட பங்காகும். பகார் என்னும் சொல்லுக்கு மலை என்பது பொருள். சமவெளியின் நடுவே குன்றுபோல் எழுந்திருந்த ஒரு மண்மேட்டினால் அவ்வூர் இப்பெயர் பெற்றது. 1879ஆம் ஆண்டில் கன்னிங்காம் என்னும் தொல்பொருள் அறிஞர் அதனை அகழ முற்பட்டார். நிலவுடைமையாளர் தடுத்தமையின் பணி முற்றுப்பெறவில்லை. 1923ஆம் ஆண்டில், இந்தியத் தொல்பொருள் துறையும் கல்கத்தாப் பல்கலைக்கழகமும் வரேந்திர ஆராய்ச்சிக் கழகமும் ஒன்றுகூடி அங்கே அகழாய்வைத் தொடங்கின. பேராசிரியர் பண்டார்க்கர் தலைமை ஏற்றார். சரத் குமார் இராய் பொருள் நல்கினார். பின்னர்த் தொல்பொருள் துறையினர் அப்பணியைப் பல ஆண்டுகள் தொடர்ந்து நடத்தினர்.

குன்று எனக் கருதப்பட்டது குன்றன்று. ஒரு மாபெரும் பௌத்த விகாரத்தின் நடுக் கோயில். அதனைச் சூழ்ந்து நாற்புறமும் துறவியர் தங்கும் 177 அறைகள் இருந்தன. கோயிலின் சுவர்களில் சுடுமண் பலகைகள் வரிசை வரிசையாகப் பதிக்கப்பட்டிருந்தன. தேவரும் முனிவரும் மட்டுமல்லாமல், எளிய மக்களும் விலங்குகளும் பறவைகளும் அப்பலகைகளில் இடம்பெற்றுள்ளனர். அங்குக் கிடைத்த களிமண் முத்திரைகள், அவ்விடம் தருமபாலன் நிறுவிய சோமபுர மகாவிகாரமே என்பதை ஐயமற உணர்த்தின.

மற்றொரு செப்பேடும் அவ்விடத்தே கிடைத்தது. அது கி.பி. 479ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நாதசர்மன் என்னும் அந்தணரும் அவர் மனைவி இராமி என்பாரும், வடகோகாலி என்னும் இடத்திலிருந்த சமணப் பள்ளிக்கு நிலம் அளித்த செய்தியை அது கூறுகின்றது. அந்தணர் சமணர்க்கு அளித்த கொடையின் ஏடு, பௌத்த விகாரத்தின் இடிபாட்டில் அழியாது கிடந்தது. முன்னோர் வாழ்ந்த ஒப்புரவு வாழ்க்கைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? 1985ஆம் ஆண்டில் யுனெசுகோ நிறுவனம் சோமபுர மகாவிகாரத்தை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

கழகத்தின் வாழ்வு எஞ்ஞான்றும் இனிதே சென்றதெனக் கூறுதற்கில்லை. மைத்திரேயர் 1930ஆம் ஆண்டில் மறைந்தார். 1947ஆம் ஆண்டில் நாடு பிரிவுற்றபோது இராசசாகி பாகிசுத்தானைச் சேர்ந்தது. கழகத்திற்கு ஆதரவளித்துவந்த பலர் இடம்பெயர்ந்தனர். அருங்காட்சியகக் கட்டடத்தின் ஒரு பகுதி சில ஆண்டுகள் மருத்துவப் பள்ளியாக மாறிற்று. ஆயினும் சிலைகள் அழியவில்லை, சுவடிகள் சிதையவில்லை. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் அருங்காட்சியகம் இராசசாகிப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் வந்தது. 1971ஆம் ஆண்டில் வங்காள தேசம் தனிநாடாயிற்று. கொடிகள் மாறின, எல்லைகள் மாறின, மூவர் தொடங்கிய காப்பகம் மட்டும் மாறாது நின்றது. இந்துக் கடவுளர், பௌத்தர், சமணர் ஆகியோரின் திருவுருவங்களும், இசுலாமிய மன்னர் காலத்துக் கல்வெட்டுகளும் அங்கே ஒரு கூரையின்கீழ்க் காக்கப்படுகின்றன.

வரேந்திரத்தின் வரலாற்றிற்கும் தமிழகத்திற்கும் தொடர்பொன்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூருக்கு அருகில் திருமலை என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள பாறையில் முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி பொறிக்கப்பட்டுள்ளது. கங்கை வரை சென்ற சோழர் படை வென்ற மன்னர்களுள் மகிபாலன் ஒருவன் என அது கூறுகின்றது. அவனைப் பால மரபின் முதலாம் மகிபாலன் என்பர் அறிஞர். வங்கத்து வேந்தன் ஒருவனின் பெயர் தமிழகத்துச் சிற்றூர்ப் பாறையில் நிலைத்திருக்கின்றது. ஆதலின் ஓர் ஊரின் கல் அவ்வூர்க்கு மட்டும் உரியதன்று. அது சிதைந்தால் தொலைவிலுள்ள மற்றொரு நாட்டின் வரலாறும் குறைவுபடும்.

ஒரு நாட்டின் வரலாற்றைக் காத்தற்குப் பெரும்பதவி வேண்டுவதில்லை. இராசசாகி மூவருள் ஒருவரும் அரசர் அல்லர், படைத்தலைவரும் அல்லர். தம் பொருளை ஒருவர் தந்தார். தம் ஆராயும் அறிவை ஒருவர் தந்தார். பள்ளிப் பணி போக எஞ்சிய காலத்தை ஒருவர் தந்தார். மாணாக்கர் தந்துதவக் கூடியதும் ஒன்று உண்டு. தம் ஊரில் எழுத்துள்ள கல்லைக் கண்டால் அதன்மேற் சுண்ணாம்பு பூசவும் ஆணி அடிக்கவும் இடந்தராமல் காத்தல் வேண்டும். நிலத்தில் பழம்பொருள் கிடைப்பின் அதனை விலைக்கு மறைத்து விற்க விடாமல், கிடைத்த இடத்தையும் நாளையும் குறித்து, உரிய அலுவலர்க்கு அறிவித்தல் வேண்டும். முதியோர் கூறும் ஊர்க்கதைகளை எழுதி வைத்து, அவற்றுள் மெய்யிது பொய்யிது எனச் சான்றுகொண்டு ஆராயப் பழகுதல் வேண்டும்.

குங்குமம் இட்டு அச்செப்பேட்டை வழிபட்ட காலிம்பூர் உழவர் அதன் எழுத்தை அறியார். ஆயினும் அதனை அழியாமற் காத்தார். எழுத்தறிந்த நாம் அவரினும் குறைந்தவராதல் தகுமோ?